கூட மறுக்கும் எலும்பு

மனித உடம்பில் 206 எலும்புகள் இருக்கின்றன என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அவற்றுள் பெரும்பாலானவை ஒடிந்தால் கூடிவிடும். ஒடிந்த துண்டுகளை நேரே பொருத்தி, அசையாமல் கட்டிவைத்து, சில வாரங்கள் பொறுத்திருந்தால் போதும். எஞ்சிய வேலையை உடம்பே செய்துகொள்ளும். ஆனால் மணிக்கட்டிலே, கட்டைவிரலுக்கு அடியில், முந்திரிப் பருப்பின் வடிவில் ஒரு சிற்றெலும்பு உண்டு. அது ஒடிந்தால் சில வேளைகளில் கூட மறுத்துவிடுகிறது. ஆண்டுக்கணக்கில் இரண்டு துண்டுகளாகவே கிடக்கும். அந்த எலும்பைக் கூட்டுவிக்க மருத்துவர்கள் ஒரு நூற்றாண்டுக் காலம் பட்ட பாட்டினைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

நான் பல ஆண்டுகள் வகுப்பறையில் வரலாறு கற்பித்தவன். வரலாறு என்றால் அரசர் முடிசூடிய ஆண்டுகளும் படைகள் மோதிய களங்களுமே என்று மாணவர்கள் எண்ணிக்கொள்வதைக் கண்டிருக்கிறேன். ஒரு நெசவாளியின் மணிக்கட்டுக்கும் வரலாறு உண்டு என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆயினும் அந்த மணிக்கட்டு ஓய்ந்துவிட்டால் அவன் வீட்டில் அடுப்பு ஓய்ந்துவிடும் அல்லவா? அவனுக்கு அதனினும் பெரிய வரலாறு வேறு எது?

என் ஊர் பொதட்டூர்பேட்டை. திருத்தணி முருகன் மலைக்கு வடமேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்த நெசவாளர் ஊர். மொழிவழி மாநிலங்கள் பிரிந்த காலத்தில் எங்கள் பகுதி சித்தூர் மாவட்டத்தோடு ஆந்திரத்துக்குச் சென்றது. மங்கலங்கிழார், ம. பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய எல்லைக் கிளர்ச்சியின் பயனாக, 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. எங்களுக்கு வடக்கே உள்ள புத்தூர் எல்லைக்கு அப்பாலேயே நின்றுவிட்டது. ஆனால் கை ஒடிந்தவன் மாநில எல்லையைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. மரத்திலிருந்து விழுந்தாலும், மாடு முட்டினாலும், வண்டி கவிழ்ந்தாலும், எங்கள் பக்கத்து மக்கள் வாயில் முதலில் வருவது புத்தூர் என்ற பெயர்தான். அரக்கோணத்திலிருந்து திருத்தணி வழியாக ரேணிகுண்டாவுக்குச் செல்லும் இருப்புப்பாதையில் புத்தூர் நிலையம் இருக்கிறது. சென்னையிலிருந்தும் அதற்கப்பாலிருந்தும் கட்டுப்போட்ட கைகளோடும் கால்களோடும் மக்கள் அங்கே வந்திறங்குவர். புத்தூர்க் கட்டு என்ற பெயர்ப் பலகையை இன்று தமிழ்நாட்டின் எந்தப் பெரிய ஊரிலும் காணலாம்.

பச்சிலைச் சாந்து, முட்டையின் வெண்கரு, துணிச் சுருள், மூங்கில் பத்தை ஆகியவையே அந்தக் கட்டின் கருவிகள். இவற்றைக் கண்டு நகைப்பது படித்தவர் சிலரின் வழக்கம். எனக்கு அது உடன்பாடன்று. இந்த வகை மருத்துவம் நம் நாட்டில் மிகப் பழமையானது. சுசுருதர் பெயரால் வழங்கும் பழைய மருத்துவ நூல் மூட்டு விலகலை 6 வகையாகவும் எலும்பு முறிவை 12 வகையாகவும் பகுத்துக் கூறுகிறது. மரப்பட்டைகளையும் மூங்கிலையும் வைத்துக் கட்டச் சொல்லுகிறது. கட்டு தளர்ந்தால் எலும்பு நிலைகொள்ளாது. மிக இறுகினால் வீக்கமும் வலியும் தோன்றும் என்று எச்சரிக்கிறது. குளிர்ந்த பருவத்தில் 7 நாளுக்கு ஒரு முறையும், மிதமான பருவத்தில் 5 நாளுக்கு ஒரு முறையும், வெப்பப் பருவத்தில் 3 நாளுக்கு ஒரு முறையும் கட்டை அவிழ்த்துக் கட்ட வேண்டுமாம். இளவயதில் ஒரு மாதத்தில் கூடும் எலும்பு, நடுவயதில் இரண்டு மாதமும் முதுமையில் மூன்று மாதமும் எடுக்கும் என்றும் அது கணக்குச் சொல்லுகிறது. நோயாளிகளைப் பல்லாண்டு உற்று நோக்கியவர்களே இவ்வாறு எழுதியிருக்க முடியும்.

இந்தக் கட்டுக்கள் பலிப்பதற்குக் காரணம் உண்டு. முன்கை எலும்பு, தொடை எலும்பு போன்றவற்றைச் சுற்றி ஒரு மெல்லிய உறை போர்த்தியிருக்கிறது. அதன்மேல் தசை பொதிந்திருக்கிறது. எலும்பு ஒடிந்த இடத்தில் இரத்தம் திரண்டு உறைகிறது. உறையிலிருந்தும் எலும்பின் உள்ளிருந்தும் புதிய அணுக்கள் புறப்பட்டு, மரத்தில் வெட்டுப்பட்ட இடத்தைப் பிசின் சூழ்வதுபோல முறிவைச் சூழ்ந்து கொள்ளுகின்றன. அந்தத் திரட்சி முதலில் மென்மையாக இருந்து பின்னர் இறுகி எலும்பாகிறது. துண்டுகள் நேராகவும் அசையாமலும் இருந்தால் போதும். மூங்கில் பத்தையாயினும், ஹாலந்து நாட்டுப் படை மருத்துவர் மாத்தெய்சன் 1851-ஆம் ஆண்டில் கண்டறிந்த பிளாஸ்டர் மாவுக்கட்டாயினும், இவ்விடத்தில் செய்யும் தொண்டு ஒன்றே.

மணிக்கட்டின் சிற்றெலும்புக்கு இந்த வாய்ப்பு இல்லை. மணிக்கட்டில் எட்டு எலும்புகள் இரண்டு வரிசையாக அமைந்திருக்கின்றன. அவற்றுள் கட்டைவிரற் பக்கத்தில் இரு வரிசைக்கும் பாலம் போலக் கிடப்பதுதான் நாம் பேசும் எலும்பு. கிரேக்க மொழியில் ஸ்காஃபே என்றால் தோணி; அதனால் இதனை ஸ்காஃபாய்டு என்றனர். பழைய ஆங்கில நூல்களில் இதன் பெயர் நேவிகுலர். அது இலத்தீனில் சிறு கப்பல் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது; நம் நாவாயை நினைவூட்டுகிறது. நாம் படகெலும்பு என்று அழைப்போம்.

இந்த எலும்பு இருக்கும் இடத்தை நீங்களே தொட்டுப் பார்க்கலாம். கட்டைவிரலை நன்றாக விரித்து நிமிர்த்துங்கள். விரலின் அடியில் இரண்டு நரம்புக் கயிறுகளுக்கு நடுவே ஒரு சிறு குழி தோன்றும். அந்தக் காலத்தில் மூக்குப்பொடி போடுவோர் பொடியைக் கொட்டி உறிஞ்சிய குழி அதுதான். என் ஆசிரியர்களில் இருவர் பாடத்தின் நடுவே அந்தக் குழியைப் பயன்படுத்தியதை நான் கண்டிருக்கிறேன். மேனாட்டு மருத்துவ நூல்களிலும் அதற்குப் பொடிப்பெட்டி என்றே பெயர். கையை ஊன்றி விழுந்தவனுக்கு அந்தக் குழியை அழுத்தினால் வலிக்குமானால், படகெலும்பு ஒடிந்திருக்கலாம் என்று ஐயுற வேண்டும். மணிக்கட்டு எலும்புகள் எட்டனுள் மிகுதியாக ஒடிவது இதுவே. ஒடித்துக்கொள்ளுவோரும் பெரும்பாலும் இளைஞர்கள்; சடுகுடு ஆடுவோரும் மிதிவண்டியில் விரைவோருமாகிய உங்கள் வயதினர்.

ஒடிந்தால் கை கோணலாகாது, பெரிதாக வீங்காது. விழுந்தவன் எழுந்து உதறிக்கொண்டு நடந்துவிடுவான். ஏதோ சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்துக்கொள்வான். எங்கள் தெருவில் ஓர் இளம் நெசவாளி இருந்தார். நான் ஆசிரியப் பணி ஏற்ற சில ஆண்டுகளில், மழை நாளொன்றில் படியில் சறுக்கி வலக்கையை ஊன்றி விழுந்தார். சுளுக்கு என்று நினைத்தார். வீட்டாரும் அப்படியே நினைத்தனர். இரண்டு வாரத்தில் வலி தணிந்தது. அவர் தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்துவிட்டார். குழித்தறியில் ஒரு கை நாடாக் கயிற்றைச் சுண்ட வேண்டும். மறு கை பலகையை இழுத்து ஊடையை அடிக்க வேண்டும். ஒரு சேலை முடிவதற்குள் அந்த மணிக்கட்டு எத்தனை ஆயிரம் முறை அசைகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஓராண்டு கழிந்தபின் கயிற்றைச் சுண்டும்போதெல்லாம் கட்டைவிரல் அடியில் முள் தைப்பதுபோல வலிக்கத் தொடங்கியது. பிடி தளர்ந்தது. சென்னையில் ஒரு மருத்துவர் படம் எடுத்துக் காட்டியபோதுதான், எலும்பு இரண்டாகக் கிடப்பதும் முறிவின் இரு முகங்களும் கூழாங்கல்போல வழவழப்பாகிவிட்டதும் தெரிந்தன.

அவர் கதையைப் பின்னர்த் தொடர்கிறேன். அதற்குமுன், அந்தப் படம் எடுக்கும் கருவி வந்த வரலாற்றைப் பார்ப்போம். உள்ளே கிடக்கும் சிற்றெலும்பு ஒடிந்ததைக் கண்ணால் காணாமல் யார் அறிவார்? இலியோன் நகரத்துப் பிரெஞ்சு மருத்துவர் தெஸ்தோ என்பவர், கூசேன் என்பவரோடு சேர்ந்து, 1889-ஆம் ஆண்டிலேயே படகெலும்பின் முறிவைப் பற்றி எழுதினார் என்பர். 1895-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் ஜெர்மானிய அறிஞர் ரான்ட்ஜன் எக்ஸ்-கதிரைக் கண்டார். தெஸ்தோ சிறிதும் காலம் தாழ்த்தாமல் அக்கருவியை இலியோனில் அமைத்து, மணிக்கட்டுக்களைப் படம் எடுப்பதில் முனைந்தார். சுளுக்கு என்று காலங்காலமாகச் சொல்லப்பட்டவற்றுள் பல உண்மையில் முறிவுகள் என்பது அப்போது வெளிச்சமாயிற்று. அதிலும் ஒரு சூழ்ச்சி உண்டு. முறிவு மயிரிழை போன்றதாக இருந்தால் முதல் நாள் எடுத்த படத்தில் தெரியாது. இரண்டு வாரம் சென்றபின் எடுத்தால் தெரியும். ஆகவே ஐயம் இருந்தால் முதலில் கட்டிவைத்து, பின்னர் மீண்டும் படம் எடுப்பது மருத்துவர் வழக்கமாயிற்று.

முறிவு தெரிந்தது; அது கூடாத காரணம் தெரியவில்லை. 1938-ஆம் ஆண்டில் ஒப்லெட்ஸ், ஹால்ப்ஸ்டைன் என்ற அமெரிக்க மருத்துவர் இருவர் ஓர் எளிய வேலை செய்தனர். உலர்ந்த படகெலும்புகள் 297-ஐ எடுத்து வைத்துக்கொண்டு, இரத்தக் குழாய் நுழையும் துளைகள் எங்கெங்கே இருக்கின்றன என்று பார்த்தனர். நூற்றுக்குப் பதின்மூன்று எலும்புகளில், இடுப்புக்கு மேல், அதாவது முன்கைப் பக்கத்துப் பாதியில், ஒரு துளைகூட இல்லை! வேறு நூற்றுக்கு இருபதில் ஒரே ஒரு சிறு துளைதான் இருந்தது. பெரிய கருவி எதுவும் இன்றிக் கண்ணும் பொறுமையும் கொண்டு செய்த இந்த ஆராய்ச்சியை எண்ணும்தோறும் எனக்கு வியப்பு உண்டாகிறது. பின்னர் 1980-ஆம் ஆண்டில் கெல்பர்மன், மேனன் ஆகிய இருவர் குழாய்களில் மை செலுத்திப் பார்த்து முழு விவரத்தையும் வெளியிட்டனர். எலும்பின் உள்ளே ஓடும் இரத்தத்தில் நூற்றுக்கு எழுபது எண்பது பங்கு புறங்கைப் பக்கமாக நுழைகிறது. விரற் பக்கத்துக்கு அண்மையில் உட்புகுந்து, அங்கிருந்து பின்னோக்கி முன்கைப் பக்கம் செல்லுகிறது.

ஏரிப் பாசனம் தெரிந்தவர்க்கு இதை விளக்குவது எளிது. வாய்க்கால் ஒரு வயலைத் தாண்டிச் சென்று, வளைந்து திரும்பி அந்த வயலுக்குப் பாய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைமடையில் இருக்கும் அந்த வயலுக்கு வேறு தண்ணீர் இல்லை. நடுவில் கரை உடைந்தால் என்ன ஆகும்? முன்கைப் பக்கத்துத் துண்டின் நிலை அதுதான். இடுப்பில் முறிந்தால் அத்துண்டுக்கு இரத்தம் குறைகிறது. உச்சிக்கு அருகில் முறிந்தால் அற்றே போகலாம். அப்போது துண்டு உள்ளுக்குள்ளேயே பட்டுப்போகிறது. இவ்வெலும்பின் மேற்பரப்பு பெரும்பாலும் வழவழப்பான குருத்தெலும்பால் மூடப்பட்டிருப்பதால் புறத்தே பிசின் போலத் திரளும் திரட்சிக்கும் இடம் இல்லை. மூட்டுக்குள் ஊறும் நீர் முறிவின் இடுக்கில் புகுந்து உறையும் இரத்தத்தையும் கரைத்துவிடுகிறது. கையின் ஒவ்வோர் அசைவும் துண்டுகளை எதிரெதிரே திருகுகிறது. இவ்வளவு இடையூறுக்கு நடுவே கட்டுக்காரர் தம் திறத்தை எவ்வளவு காட்டினாலும், கடைமடைக்குத் தண்ணீர் விட அவரால் இயலாது. மாவுக்கட்டுப் போடும் பெரிய டாக்டருக்கும் அதே நிலைதான்.

ஆயினும் கட்டின் பெருமையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவில் 1925-ஆம் ஆண்டில் விபத்து மருத்துவமனை நிறுவிய லோரென்ஸ் பேலர், பிளாஸ்டர்க் கட்டை ஒரு சமயம்போலப் போற்றியவர். 1954-ஆம் ஆண்டில் அவரும் அவருடைய துணைவரும், புதிதாக ஒடிந்து உடனே கட்டப்பட்ட 734 படகெலும்புகளின் கணக்கை வெளியிட்டனர். அவற்றில் மிகப் பெரும்பாலானவை கூடிவிட்டன. உடனே கண்டு உடனே கட்டுவதன் பயன் அத்தகையது. தொல்லை எல்லாம் காணாமல் விட்டவற்றிலும், துண்டுகள் விலகியவற்றிலும், கட்டியும் கூடாமல் நின்ற சிலவற்றிலும்தான்.

கூடாதவற்றை என்ன செய்வது? முதலில் மருத்துவர்கள் கண்ட வழி, தொல்லை தரும் துண்டையோ முழு எலும்பையோ எடுத்து எறிந்துவிடுவது. பாலத்தைப் பெயர்த்துவிட்டால் கரைகள் சரிவதுபோல நாளடைவில் மணிக்கட்டே சரிந்தது. 1928-ஆம் ஆண்டில் ஆடம்ஸ், லெனர்டு என்ற அமெரிக்கர் இருவர் ஒரு நோயாளிக்குப் புதிய முறையைச் செய்து பார்த்தனர். இரு துண்டுகளையும் துளைத்து, வேறிடத்திலிருந்து எடுத்த எலும்பை முளைபோலச் செதுக்கி உள்ளே செருகினர். தச்சன் இரண்டு மரங்களை மர ஆணியால் பிணைப்பதை ஒத்த முறை இது. கனடா நாட்டு டொரான்டோ நகரத்து கார்டன் மர்ரே, கணைக்கால் எலும்பிலிருந்து முளை எடுத்து இதனைப் பலருக்குச் செய்து 1934-ஆம் ஆண்டில் எழுதினார். இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தை அறுவை மருத்துவத்தில் முதன்முதல் கையாண்டவர்களுள் ஒருவரும், பின்னாளில் செயற்கைச் சிறுநீரகம் அமைத்தவரும் இவரே.

முளை துண்டுகளைப் பிணைத்தது. ஆனால் அது கணைக்காலின் கெட்டியான புற எலும்பு, உயிரணுக்கள் குறைவு, புதிய இரத்தக் குழாய்கள் அதனுள் ஊடுருவ நெடுங்காலம் ஆகும். ஸ்விட்சர்லாந்து மருத்துவர் ஹெர்மன் மாட்டி வேறு வகையாகச் சிந்தித்தார். எலும்பின் உட்புறம் கடற்பஞ்சு போலக் கண்ணறைகள் நிறைந்திருக்கும். அந்தப் பஞ்செலும்பில் உயிரணுக்கள் மிகுதி. கண்ணறைகளின் வழியே குழாய்கள் விரைந்து படரும். கெட்டுப்போன பகுதியைக் குடைந்து நீக்கி, அவ்விடத்தைப் பஞ்செலும்புத் துகளால் அடைத்துவிட்டால் என்ன? 1937-ஆம் ஆண்டில் அவர் இம்முறையை வெளியிட்டார். பல் மருத்துவர் சொத்தையைக் குடைந்து அடைப்பதைப் போன்றது என்று நீங்கள் நினைத்தால் அது பெரிதும் பொருந்தும். ஒரு வேறுபாடு: பல்லில் அடைத்தது அப்படியே கிடக்கும், இங்கே அடைத்தது உயிர்பெற்று எலும்பாக மாறும்.

மாட்டி புறங்கைப் பக்கமாக அறுத்தார். அந்தப் பக்கமாகத்தான் பெருமளவு இரத்தம் உள்ளே செல்லுகிறது என்று முன்னரே சொன்னேன் அல்லவா? வாய்க்காலைச் செப்பனிடச் சென்றவன் மதகை உடைத்துவிடக் கூடாது. வியன்னா மருத்துவர் ஒட்டோ ருஸ்ஸே அறுவையை உள்ளங்கைப் பக்கத்துக்கு மாற்றினார். இடுப்பெலும்பின் விளிம்பிலிருந்து பஞ்செலும்பை எடுத்து, குடைந்த பள்ளத்தில் இறுகப் பொதிந்தார். அவருடைய கட்டுரை வெளிவந்தது 1960-ஆம் ஆண்டு; எங்கள் வட்டாரம் தமிழகத்தோடு இணைந்த அதே ஆண்டு. மாட்டியும் ருஸ்ஸேயும் இட்ட அடிப்படை இன்றளவும் நிற்கிறது.

என் தெருவில் இருந்த நெசவாளிக்கும் மருத்துவர் சொன்னது இந்த அறுவைதான். இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து மணிக்கட்டில் பொதிய வேண்டும். மூன்று மாதத்துக்குக் குறையாமல் மாவுக்கட்டோடு இருக்க வேண்டும். அவர் கேட்ட முதற் கேள்வி எலும்பைப் பற்றியது அன்று. மூன்று மாதம் தறி நின்றால் வீட்டுச் செலவுக்கு என்ன செய்வது என்பதே அவர் கேள்வி. முன்பணம் வாங்கிய கணக்கு ஒரு புறம். பாவு போட்ட தறி ஒரு புறம். மேலும் ஓராண்டு வலியோடு நெய்தார். இறுதியில் தம்பி தறியை ஏற்றுக்கொள்ள முன்வந்தபின்தான் மருத்துவமனைக்குச் சென்றார். எலும்பு கூடியது. மணிக்கட்டு முன்போல முழுதும் மடங்கவில்லை. ஆனால் கயிற்றைச் சுண்டும் வலிமை திரும்பியது. ஐந்து மாதம் கழித்து அவர் தறியொலி கேட்டதாக நினைவு.

மூன்று மாதக் கட்டு என்பது நெசவாளிக்கு மட்டும் பாரமன்று. உலகெங்கும் உழைப்பாளிக்கு அது பாரமே. ஆகவே துண்டுகளை உள்ளேயே இறுக்கிப் பிடிக்கும் கருவி தேடப்பட்டது. மக்லாக்லின் என்ற அமெரிக்கர் 1954-ஆம் ஆண்டில் திருகாணி கொண்டு இறுக்கும் முறையை எழுதினார். ஆணியின் தலை துருத்திக்கொண்டு மூட்டை உராயும் என்பது இடர்ப்பாடு. இதற்கு ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்து டிமத்தி ஹெர்பர்ட் கண்ட விடை மிக அழகியது. பௌதிகம் படிக்கும் மாணவர் சற்றுக் கூர்ந்து கேட்க வேண்டும்.

அவருடைய ஆணிக்குத் தலையே இல்லை. இரு முனையிலும் புரிகள் உண்டு, நடுவில் வழவழப்பு. முன்முனைப் புரிகள் ஒன்றுக்கொன்று அகன்றவை. பின்முனைப் புரிகள் நெருங்கியவை. ஆணியை ஒரு சுற்றுத் திருகினால் முன்முனை தான் பற்றியுள்ள துண்டில் மிகுதியாக முன்னேறுகிறது. பின்முனை தன் துண்டில் குறைவாக முன்னேறுகிறது. இந்த வேறுபாட்டினால் ஒவ்வொரு சுற்றுக்கும் இரு துண்டுகளும் ஒன்றையொன்று நெருங்கி அழுந்துகின்றன. தலையில்லாமையால் ஆணி முழுவதும் எலும்புக்குள் புதைந்துவிடும். பிறகு எடுக்க வேண்டியதும் இல்லை. 1984-ஆம் ஆண்டில் ஹெர்பர்ட்டும் ஃபிஷரும் இதனை வெளியிட்டபின் உலகெங்கும் பரவியது. இன்று வழங்கும் பலவகை ஆணிகளும் இதன் வழித்தோன்றல்களே. நெடுநாட் கட்டின் தேவையை இது பெரிதும் குறைத்தது.

இதற்கிடையே மற்றொரு கேடும் கண்டறியப்பட்டது. நெடுநாள் கூடாமல் கிடக்கும் எலும்பு நடுவில் மடங்கிக் கூன் விழுகிறது. கூனோடு கூட்டினால் மணிக்கட்டின் பிற எலும்புகளும் தம் நிலை பிறழ்கின்றன. ஃபிஸ்க் என்ற ஆங்கிலேயர் 1970-ஆம் ஆண்டில் இதனைச் சுட்டினார். ஆப்புப்போல வெட்டிய எலும்பை உள்ளங்கைப் பக்கத்திலிருந்து செருகிக் கூனை நிமிர்த்தும் முறையை ஸ்விட்சர்லாந்தில் பணியாற்றிய ஃபெர்னாண்டஸ் 1984-ஆம் ஆண்டில் செம்மைப்படுத்தினார்.

இவை எல்லாம் வந்தபின்னும் ஒரு வகை எஞ்சியது. முன்கைப் பக்கத்துத் துண்டு முழுதும் பட்டுப்போயிருந்தால், பஞ்செலும்பைப் பொதிந்தாலும் உயிர் எங்கிருந்து வரும்? அர்ஜென்டினாவின் புவனோஸ் அயர்ஸ் நகரத்து சாய்டெம்பெர்க் 1991-ஆம் ஆண்டில் இதற்கு வழி காட்டினார். முன்கை எலும்பின் முனையில் புறங்கைப் பக்கமாக மெல்லிய இரத்தக் குழாய் ஒன்று ஓடுகிறது. அக்குழாயை அறுக்காமல், அதனோடு ஒட்டிய சிறு எலும்புத் துண்டை மட்டும் பெயர்த்தெடுத்து, அப்படியே திருப்பிப் படகெலும்பின் முறிவில் பதித்தார். செடியைத் தாய்மண்ணோடு பெயர்த்து நடுவது போன்றது இது. ஜப்பான் நாட்டு டோய் முதலியோர் 2000-ஆம் ஆண்டில் இன்னும் ஒரு படி மேலே சென்று, முழங்காலின் உட்புறத்திலிருந்து குழாயோடு கூடிய எலும்பை முற்றிலும் வெட்டியெடுத்து, நுண்ணோக்கியின் துணையால் மணிக்கட்டின் குழாயோடு தைத்து இணைத்தனர். அந்தக் குழாயைத் தைக்கும் நூல் மயிரிழையினும் மெல்லியது.

இவ்வளவு நுட்பமான கைத்திறம் அயல்நாட்டுக்கே உரியது என்று நினைத்துவிடாதீர்கள். கையின் அறுவை மருத்துவத்தில் தமிழ்நாட்டுக்குச் சிறப்பிடம் உண்டு. 1914-ஆம் ஆண்டில் பிறந்த பால் பிராண்டு என்ற ஆங்கிலேயர், 1946-ஆம் ஆண்டின் இறுதியில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் விரல்கள் மடங்கி முடங்கிய கைகளைக் கண்டார். நல்ல தசைநாரை இடம் மாற்றித் தைத்து அந்த விரல்களை மீண்டும் இயங்கச் செய்தார். தொழுநோயாளியின் கையைத் தொடவே அஞ்சிய காலம் அது. படகெலும்புக்காக அவர் செய்த வேலையன்று இது. ஆயினும் கை என்பது தனியே கற்க வேண்டிய உறுப்பு என்ற எண்ணம் நம் நாட்டில் வேரூன்றியதற்கு வேலூரே பெருங்காரணம். பின்னர்ச் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் ஆர். வெங்கடசுவாமி கைக்கென்றே அறுவைப் பிரிவை வளர்த்தார். ஆலைகளிலும் விசைத்தறிகளிலும் அகப்பட்டு நசுங்கிய ஏழைகளின் கைகள் அரசு மருத்துவமனையிலேயே சீர்பெறலாயின. கோயம்புத்தூரிலும் இக்கலை இன்று உலகம் அறியும் அளவுக்கு ஓங்கியிருக்கிறது.

கூடாத எலும்பை அப்படியே விட்டுவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். சில ஆண்டுகள் ஒன்றும் தெரியாது. பத்து, இருபது ஆண்டுகளில் குருத்தெலும்பு தேய்ந்து மணிக்கட்டு முழுவதும் மூட்டுவாதம் பரவும். அந்நிலையில் எலும்பைக் கூட்டிப் பயனில்லை. படகெலும்பை நீக்கிவிட்டு, அண்டை எலும்புகள் நான்கை ஒன்றாகப் பிணைத்து, வலியைத் தீர்த்து அசைவில் பாதியை இழக்கும் அறுவைதான் மிஞ்சும். முப்பது வயதில் கூட்டியிருக்கக்கூடியதை ஐம்பது வயதில் பிணைக்கிறார்கள். புகை பிடிப்போருக்கு அறுவை செய்தும் எலும்பு கூடாமற்போவது மிகுதி என்பதும் இன்று தெளிவாகியிருக்கிறது. புகை நுண்ணிய குழாய்களைச் சுருக்குகிறது.

நல்ல ஆணி கைக்கு வந்ததும் மருத்துவர் பலர், முறிந்த அன்றே ஆணி அடித்துவிடலாமே என்று முனைந்தனர். அது தேவையா என்று ஆராய, இங்கிலாந்து, வேல்ஸ் ஆகியவற்றின் 31 மருத்துவமனைகளில் இடுப்பில் ஒடிந்தும் மிகுதியாக விலகாத படகெலும்புடைய 439 பேரைச் சீட்டுக் குலுக்குவது போல இரு கூறாகப் பிரித்தனர். ஒரு கூறினர்க்கு உடனே ஆணி. மறு கூறினர்க்கு முதலில் கட்டு மட்டும். 2020-ஆம் ஆண்டில் வெளியான முடிவு இது: ஓராண்டு கழித்துப் பார்த்தபோது வலியிலும் கையின் பயனிலும் இரு கூறினர்க்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆகவே இத்தகைய முறிவை முதலில் 6 முதல் 10 வாரம் வரை கட்டியே வைக்கலாம் என்று அவர்கள் அறிவித்தனர். கட்டு அவிழ்த்தபின் எலும்பு கூடியதா என்று படம் எடுத்துப் பார்ப்பதும், கூடவில்லை என்று உறுதியானால் காலம் தாழ்த்தாமல் ஆணி அடிப்பதும் அந்த முறையிலேயே அடங்கும்.